தேங்காத சரக்கே லாபம்

கேள்வி: இளம்பிள்ளையில் விசைத்தறிச் சேலை நெய்யும் குடும்பம் எங்களுடையது. தீபாவளிக்கு விற்காமல் தங்கும் சரக்கைப் பொங்கலுக்குள் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியுள்ளது. ஓயாமல் புது மாதிரிகளை இறக்கும் சாரா (Zara) போன்ற ஆடை நிறுவனங்கள் மட்டும் எப்படி லாபம் பார்க்கின்றன?
– வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: உங்களை வாட்டும் அந்தத் தேக்கத்தைத் தவிர்ப்பதில்தான் அவர்களுடைய லாபமே இருக்கிறது. 1975-இல் ஸ்பெயினின் லா கொருன்யா நகரில் முதல் கடையைத் திறந்த சாரா, எது விற்கும் என்று பல மாதங்களுக்கு முன்பே கணித்துப் பெருமளவில் தைத்துக் குவிக்காமல், புது மாதிரிகளைக் குறைவாகத் தைத்து, வாரம் இருமுறை கடைகளுக்கு அனுப்பி, விற்பனையைக் கவனித்த பிறகே அடுத்ததை முடிவு செய்கிறது. மாறாத வகைகளை ஆசிய நாடுகளில் மலிவாகத் தைத்து வாங்கினாலும், விரைவில் மாறும் வகைகளுக்குக் கூலி கூடுதலானாலும் பரவாயில்லை என்று ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி ஆகிய அருகமை நாடுகளையே நாடுகிறது. துணியில் ஒரு பகுதியைச் சாயம் ஏற்றாமலே வைத்திருந்து, நிறத்தைக் கடைசியில் தீர்மானிக்கிறது. இன்று பார்த்த மாதிரி அடுத்த முறை கிடைக்காது என்பதால் வாடிக்கையாளரும் தள்ளுபடிக்குக் காத்திருப்பதில்லை. விளம்பரச் செலவும் மிகக் குறைவு.

ஆனால் இத்துறையின் மலிவு விலைக்குப் பின்னே தொழிலாளரின் உயிரும் இருக்கிறது. பல மேலைநாட்டு நிறுவனங்களுக்கு ஆடை தைத்த தொழிற்கூடங்கள் இயங்கிய வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் 2013-இல் இடிந்து, 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூலியைக் குறைக்கும் வழியை நீங்கள் பின்பற்றவே வேண்டாம்.

ஒரே பாவில் (நீளவாட்டு நூலில்) ஊடையின் (குறுக்கு நூலின்) நிறத்தை மாற்றிச் சில சேலைகள் மட்டும் நெய்து அனுப்புங்கள்; எந்த நிறம் முதலில் தீர்ந்தது என்று கடைக்காரர்களிடம் வாரந்தோறும் கேட்டறிந்த பிறகு, மீதி நூலுக்குச் சாயம் கொடுங்கள்.