மாப்பிள்ளை வேறு, கார் வேறு அண்ணாச்சி

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கோள் அறிவியலில் ஆராய்ச்சி செய்து பேராசிரியராகப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். வாத்தியார் வேலைக்கு பி.எட். போதாதா? இல்லையென்றால் செங்கோட்டை நிகார் ஷாஜி மாதிரி இஸ்ரோவில் சேரட்டும். மகேந்திரகிரி பக்கத்தில்தானே இருக்கிறது! சந்திரனில் கிடக்கிற கல்லைப் படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? எப்போது சம்பாதித்து எப்போது கல்யாணம் முடிப்பது?
— பாளையங்கோட்டை வாசகர் ஒருவர்

பதில்: அண்ணாச்சி, நாலு கேள்வியை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டீர்கள். முதலில் மகேந்திரகிரியை அவிழ்க்கிறேன்.

அங்கே நடப்பது ராக்கெட் எஞ்சின் சோதனை. அது பெரும்பாலும் பொறியியல் படித்தவர்களின் இடம். சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்1 திட்டத்தை நடத்திய நிகார் ஷாஜியும் பொறியியல் படித்தவர்தான். உங்கள் மகள் ஆசைப்படுவது, ராக்கெட் போய்ச் சேர்ந்த பிறகு ஆரம்பிக்கிற வேலை. மாப்பிள்ளை வந்த காரையே மாப்பிள்ளை என்று நினைத்து மாலை போடுகிறீர்கள்.

சரி, கல்லுக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது நீங்களும் டி.வி. முன்னால் கைதட்டியிருப்பீர்கள். கைதட்டி முடித்து நாம் சாப்பிடப் போய்விட்டோம். அப்புறம்தான் அதிலிருந்து இறங்கிய சின்ன வண்டி நூறு மீட்டர் அளவுக்கு ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. சோதித்த கருவி அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் செய்தது. அங்குள்ள விஞ்ஞானிகள் ஒரு வருஷம் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டி, 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அந்த மண் பெரும்பாலும் அனார்த்தசைட் என்கிற வெளிர்நிறப் பாறையிலிருந்து வந்தது. சந்திரன் பிறந்த புதிதில் மேலெல்லாம் உருகிய குழம்பாகக் கிடந்தது, கனமானது அடியில் தங்க, லேசானது பாலாடை மாதிரி மேலே மிதந்து உறைந்தது என்று அமெரிக்காவின் அப்போலோ விண்கலங்கள் கொண்டுவந்த கற்களை வைத்து 1970-லேயே சொன்னார்கள். அந்தக் கற்கள் சந்திரனின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பொறுக்கியவை. தென்துருவப் பக்கமும் அதே கதைதான் என்று இப்போது தெரிகிறது.

அதே ஜாதிப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. சந்திரயான்-2 சோதனைக்குச் செயற்கை நிலா மண் வேண்டியிருந்தபோது, அதை எடுத்து அரைத்துத்தான் செய்தார்கள். இந்தக் கல் அந்தக் கல்லுக்குப் பங்காளி என்று சொல்ல பாறைகளைப் படித்த ஒரு ஜியாலஜிக்காரர் வேண்டியிருந்தது. (நான் படித்த காலத்தில் மார்க் குறைந்தவனுக்குத்தான் ஜியாலஜி என்பார்கள். சொன்னவர்களில் நானும் உண்டு.)

உள்ளூரில் இதற்கெல்லாம் ஏது வழி என்பீர்கள். கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? பூமியின் காந்த நடுக்கோடு நம் சீமையை ஒட்டிப் போகிறது. பகலில் நம் தலைக்கு மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதைக் கவனிக்க வாகான இடம் என்றுதான் இங்கே வந்தார்கள். செவ்வாய்க்குப் பூமியைப் போல முழுக் கோளையும் சுற்றிய காந்தப்புலம் இன்றைக்கு இல்லை. அதன் காற்று பெருமளவு பறிபோனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பூமியின் மேல்காற்றைப் படித்தவருக்குச் செவ்வாய் அடுத்த தெரு.

வருமானத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. எம்.எஸ்சி. இரண்டு வருஷம். பிறகு நெட், கேட், ஜெஸ்ட் என்று ஏதாவது ஒரு தேர்வு. (நெட் தேர்வில் புவி அறிவியலோடு கோள் அறிவியலும் பெயரிலேயே சேர்ந்த பாடம் உண்டு.) பிஎச்.டி. ஐந்து வருஷம், சிலருக்கு ஆறு. உதவித்தொகை முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. சோற்றுக்குப் பஞ்சமில்லை. கஷ்டமே அதற்குப் பிறகுதான். இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தங்களில் ஊர் ஊராக, பெரும்பாலும் நாடு நாடாக, அலைய வேண்டும். நிலையான வேலை கிடைக்கும்போது வயது முப்பத்து மூன்று ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். ‘கோள் அறிவியல் துறை’ என்று பலகை மாட்டிய கல்லூரிகள் நம் நாட்டில் அபூர்வம். இயற்பியல் துறையிலோ ஜியாலஜி துறையிலோ பாடம் நடத்திக்கொண்டே கோள்களைப் படிக்கிறவர்கள்தான் அதிகம். மகளுக்கு இது தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தும் நிற்கிறாள் என்றால் விட்டுவிடுங்கள்.

பி.எட். நல்ல படிப்புதான், பள்ளிக்கூடத்துக்கு. அவள் கேட்பது, பாடப்புத்தகத்தில் நாளைக்கு ஏற வேண்டிய வரியைக் கண்டுபிடிக்கிற வேலை.

அவளுக்கும் ஒரு வார்த்தை. இயற்பியல் மட்டும் போதாது தாயி, கல்லும் படிக்க வேண்டும். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் ஜியாலஜி இருக்கிறது. ஒரு நடை போய் ஆசிரியர்களைப் பார். சந்திரயான்-2 தரவுகளை இஸ்ரோ இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பைத்தான் என்கிற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு, நிலாவின் ஒரே ஒரு பள்ளத்தின் படத்தை எடுத்து மூன்று மாசம் உட்கார். சலிக்காவிட்டால் விண்ணப்பம் போடு. ஆரல்வாய்மொழி தாண்டினால் திருவனந்தபுரத்தில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அகமதாபாத் கொஞ்சம் தூரம்தான்.

கடைசிக் கேள்வி கல்யாணம். அதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது அண்ணாச்சி. எனக்கு எழுதிய தபால்தலைக் காசு வீண்.