மாதிரிப் பள்ளியா, தனியார் பள்ளியா? மகள் வாய் திறக்கவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், பாலெடுத்து ஷீட் அடித்து வீடு திரும்ப மதியமாகும். நான் அண்டி ஆபீஸில் முந்திரிப் பருப்பு தோல் உரிக்கப் போகிறேன். மகள் இங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்து, பத்தாம் வகுப்பில் 478 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பள்ளியில் அவள்தான் முதல்.

இப்போது மாவட்டத்தின் அரசு மாதிரிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பல ஊர் அரசுப் பள்ளிகளிலிருந்து நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைக்கிறார்கள். செலவு கிடையாது. அதே வாரம் மார்த்தாண்டம் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றிலிருந்தும் ஆள் வந்தார்கள். பாதிக் கட்டணம் தள்ளுபடி, நீட் பயிற்சி உண்டு, வாசலுக்கே வேன் வரும் என்றார்கள். மீதிப் பணத்தைத் தான் கட்டுவதாகக் குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் நாத்தனார் சொல்கிறார். "பிள்ளையை டாக்டராக்குவது என் பொறுப்பு" என்று போனில் அழுதேவிட்டார்.

தங்கச்சி காசில் என் பிள்ளை படிக்க வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். இவ்வளவு மார்க் வாங்கின பிள்ளையை மறுபடியும் அரசுப் பள்ளியிலா போடப் போகிறீர்கள் என்று ஊரில் கேட்கிறார்கள். கேரளத்தில், பாறசாலையில் இருக்கும் என் அக்காவோ, "எங்க பக்கம் வாத்தியார் பிள்ளைகளே சர்க்கார் பள்ளியிலதான் படிக்குது" என்கிறாள்.

எனக்கு விடுதி என்றால் பயம். பத்து முடித்ததும் என்னையும் நாகர்கோவிலில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். ஆறே நாளில் அழுது அப்பாவை வரவழைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதோடு படிப்பு நின்றது. அன்று அப்பா என்னைக் கூட்டிவராமல் இருந்திருக்கலாமே என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

மகளிடம் கேட்டால், "நீங்க ரெண்டுபேரும் எங்க சொல்லுதீங்களோ அங்க போறேன்" என்கிறாள். ரிசல்ட் வந்ததிலிருந்து கட்டிலில் படுக்காமல் என் பாயில் வந்து படுத்துக்கொள்கிறாள். எங்கே சேர்ப்பது?

பெயர் வேண்டாம், குலசேகரம் பகுதி

*

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அந்தப் பாய் என் கண்ணில் பட்டது. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

"நீங்க சொல்லுத இடத்துக்குப் போறேன்" என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதிரிப் பள்ளி என்றால் அம்மாவுக்குப் பயம். தனியார் பள்ளி என்றால் அப்பாவுக்கு மனக்கஷ்டம். வேண்டாம் என்றால் அத்தை அழுவார். எந்தப் பெயரைச் சொன்னாலும் வீட்டில் ஒருவருக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பேசாமல் உங்கள் பக்கத்தில் வந்து படுக்கிறாள். விடுதியை நினைத்த பயமாக அது இருக்கலாம். விடுதிக்குப் போவதென்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டு, போகுமுன் அம்மாவோடு கொஞ்சநாள் இருந்துகொள்கிற பாசமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவளைக் கேட்காமல் நீங்களோ நானோ ஊகிக்கக் கூடாது.

கேட்பதற்கு முன், உங்கள் பேச்சில் யாரும் எடுக்காத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரி போகும் அரசுப் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. உங்கள் மகள் இதற்கான ஐந்து வருடத்தைப் படித்து முடித்துவிட்டாள். பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த ஒதுக்கீட்டுத் தகுதி போய்விடும். இடையில் திரும்பி வந்தாலும் கிடைக்காது. டாக்டராக்கத்தான் தனியார் பள்ளி என்று நினைக்கும் நாத்தனாருக்கு இதை முதலில் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் கேட்கலாம்.

அந்தத் தள்ளுபடிக் கணக்கையும் பாருங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-லேயே சட்டம் வந்து, அதற்கென ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு, எதில் பாதி தள்ளுபடி, வேனுக்கும் நீட் பயிற்சிக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போதுதான் உங்கள் பக்கம் மழை பிடித்து வெட்டு நிற்கும். மரம் இலை உதிர்க்கும் மாதங்களிலும் வருமானம் குறையும். நாத்தனாரின் அன்பு உண்மையானது, எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்விலும் "அத்தை காசு" என்ற நினைப்போடு உட்காரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மார்க் குறைந்தாலும் கடன்பட்டதுபோல் குன்றிப்போவார்கள். உதவியை இப்போதே மறுக்க வேண்டாம். கல்லூரிக் காலத்துக்கு வைத்திருக்கும்படி கேளுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் இருந்தும் நீங்கள் கவனிக்காத மூன்றாவது பள்ளி. அவள் இப்போது படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிதான். அங்கேயே பன்னிரண்டு வரை படித்தாலும் மேற்சொன்ன உரிமை எதுவும் குறையாது. அவள் எடுக்க நினைக்கும் பிரிவும் அதற்கான ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் தேர்வு வைத்து எடுக்கும் அரசுப் பள்ளிகளைப் பற்றி 2014-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மயிரிழையில் இடம் கிடைத்தவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். பின்னால் எழுதிய தேர்வுகளில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஊர் வேறு, ஏற்பாடும் வேறு. ஆனாலும் இடம் கிடைத்ததாலேயே போய்த்தான் ஆகவேண்டும் என்ற பதற்றத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்க அது உதவும்.

என் எண்ணத்தைக் கேட்டால், அவளுக்கு மனமிருந்தால் மாதிரிப் பள்ளிக்கு அனுப்பலாம். மனமில்லையென்றால் பழைய பள்ளியிலேயே தொடரட்டும். தனியார் பள்ளியை நான் கடைசியில்தான் வைப்பேன்.

மாதிரிப் பள்ளிக்குப் போவதானால் ஒன்றை இப்போதே சொல்லிவைக்க வேண்டும். அங்கே வரும் பிள்ளைகளில் பலரும் அவரவர் பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள். காலாண்டுத் தேர்வில் உங்கள் மகள் முப்பதாவதாக வரலாம். ஆஸ்திரேலியாவில் ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் கூடும் பள்ளியில் படிப்பவர் தன் படிப்பைப் பற்றிக் குறைவாக நினைத்துக்கொள்கிறார் என்று கண்டார். அறிவு குறைவதில்லை, பக்கத்தில் இருப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். இது முன்கூட்டியே தெரிந்த பிள்ளை தாங்கிக்கொள்ளும். தெரியாத பிள்ளை "எனக்கு மண்டையில ஒண்ணும் இல்ல" என்று முடிவு கட்டிவிடும்.

உங்கள் ஆறு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று அழுதது உங்கள் தவறில்லை, கூட்டிவந்ததும் உங்கள் அப்பாவின் தவறில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடலாமே என்று யாரும் யோசிக்காததுதான் படிப்பை நிறுத்தியது. இந்தக் கதையை மகளிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லுங்கள். "எனக்கு நடந்தது உனக்கும் நடக்கும் என்று பயப்படுகிறேன், அது என் பயம், நீ சுமக்க வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். காலாண்டு விடுமுறைக்கு அவள் வரும்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம், முடியவில்லையென்றால் பழைய பள்ளிக்குத் திரும்பலாம், யாரும் ஒரு சொல் சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

"எங்கே போற?" என்று மறுபடி கேட்காதீர்கள். ராத்திரி விளக்கை அணைத்து, முகம் தெரியாத நேரத்தில், "விடுதியில் எதை நினைத்தால் கஷ்டமாக இருக்கு? எதை நினைத்தால் ஆசையாக இருக்கு?" என்று கேளுங்கள். அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அன்று விட்டுவிட்டு மறுநாள் கேளுங்கள்.

அவள் அப்பாவும் இதில் சேர வேண்டும். மழை பெய்து வெட்டு இல்லாத ஒரு காலையில், அவர் மகளை மட்டும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் மாதிரிப் பள்ளி விடுதியைப் பார்த்துவிட்டு வரட்டும். சாப்பாட்டுக் கூடம், படுக்கும் அறை, வீட்டுக்குப் போன் பேச விடும் நேரம், எந்த மொழியில் பாடம் நடத்துகிறார்கள் என்பது, எல்லாவற்றையும் அவளே கேட்கட்டும். திரும்பும் வழியில் அவர் ஒன்றும் கேட்க வேண்டாம். அவளாகப் பேசுவாள்.