வாசகர் கேள்வி, போதகர் பதில்: சுயபுத்தியும் பரத்தின் ஞானமும்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, எது "உலக ஞானம்" என்ற ஒரே விடயத்தைச் சுற்றியே நிற்பதால், அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டோம்.

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறேன். விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை கேட்பதும், வானிலை அறிக்கையைப் பார்த்து விதைப்பதும், பயிரைக் காப்புறுதி செய்வதும் உலக ஞானத்தில் சாய்வதுதான் என்று எங்கள் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் போதிக்கிறார். நீதிமொழிகள் 3:5ஐ ஆதாரமாகக் காட்டுகிறார். காலபோக விதைப்பு நெருங்குகிறது. நான் என்ன செய்வது?
(வாசகர், கிளிநொச்சி மாவட்டம்)

பதில்: சகோதரரே, போதனாசிரியரிடம் தாராளமாகப் போங்கள். "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று சொல்லும் அதே நீதிமொழிகள்தான், ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் எண்ணங்கள் உறுதிப்படும் என்று 15ஆம் அதிகாரத்தில் சொல்லுகிறது. பிறரிடம் கேட்பவன் தன் புத்தியில் மட்டும் சாயவில்லை என்பதற்கு அவன் கேட்பதே சாட்சி.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் பகுதி ஒன்று ஏசாயா 28ஆம் அதிகாரத்தின் முடிவில் உண்டு. கமக்காரர் நிறைந்த நம் சபைகளில் அது அதிகம் பிரசங்கிக்கப்படாதது எனக்கு ஆச்சரியமே. நிலத்தை உழுகிறவன் நாள்தோறும் உழுதுகொண்டேயிருப்பதில்லை. நிலத்தைச் சமப்படுத்தியபின், எதை எங்கே விதைக்க வேண்டுமோ அதை அங்கே விதைக்கிறான். உளுந்தைக் கோலால் அடிக்கிறானே தவிர தூலத்தால் போரடிப்பதில்லை, சீரகத்தின்மேல் வண்டிலின் உருளையை ஓட்டுவதுமில்லை. இந்த அறிவெல்லாம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? "அவனுடைய தேவன் அவனை நன்றாய்ப் போதித்து, அவனை உணர்த்துகிறார்" என்கிறார் தீர்க்கதரிசி. வானத்திலிருந்து குரல் கேட்டு அவன் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. தகப்பனிடமும் அயல் வயற்காரரிடமும் மண்ணிடமும் கற்றான். அப்படிக் கற்றதையே தேவன் கற்பித்தது என்று வேதம் கணக்கிடுகிறது. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டால் கபிலநிறத் தத்தி என்னும் நெற்பூச்சி பெருகும் என்று போதனாசிரியர் சொல்லும்போது, அவர் அறிந்தோ அறியாமலோ அந்தப் போதனையின் ஒரு பகுதியையே உங்களிடம் கொண்டுவருகிறார். மோசேக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுத்த எத்திரோவும் இஸ்ரவேலன் அல்லன். அவன் மீதியானின் ஆசாரியன்.

சுயபுத்தியில் சாய்வது எப்படியிருக்கும் என்பதை நம் நாடே ஒருமுறை கண்டது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியவர்கள், கமக்காரரும் விவசாய அறிஞர்களும் சொன்னதைக் கேட்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. நட்டத்தையோ வயலில் நின்றவன்தான் சுமந்தான்.

காப்புறுதியைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. செழிப்பான ஏழு வருடங்களில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கும்படி பார்வோனுக்குச் சொன்ன யோசேப்பை அவிசுவாசி என்று எவரும் சொன்னதில்லை. 2018 டிசம்பர் மாத வெள்ளத்தில் ஒரே இரவில் வயல்கள் மூழ்கியதை நேரில் கண்ட உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையுமில்லை.

ஆனால், வயலில் உலக ஞானம் வேறொரு வழியாக நுழைகிறது. அந்த மூத்த சகோதரர் அதைப் பற்றிப் பேசியிருந்தால் நான் அவரோடு நின்றிருப்பேன். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எல்லோருமாகத் தீர்மானித்த முறையை மீறி, வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் இரவில் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள, கடைமடையில் இருப்பவனின் பயிர் வாடுகிறது. அப்படிச் செய்கிறவரை ஊரும் "கெட்டிக்காரன்" என்றே சொல்கிறது. யாக்கோபு 3ஆம் அதிகாரத்தில் பரத்திலிருந்து வராத ஞானம் என்று பெயரிட்டுக் கண்டிப்பது இந்தக் கெட்டித்தனத்தைத்தான். வைராக்கியமும் விரோதமும் இருக்கும் இடமே அதன் பிறப்பிடம் என்கிறார் அவர். படிப்பையும் ஆராய்ச்சியையும் அனுபவத்தையும் அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். "இவ்வுலகத்தின் ஞானம் தேவனுக்கு முன்பாகப் பைத்தியமாயிருக்கிறது" என்ற வசனத்தைக் காட்டி, அதிகம் படித்தால் விசுவாசம் போய்விடும் என்கிறார் எங்கள் வாலிபர் கூட்டத் தலைவர். இது சரியா?
(மாணவி, வவுனியா)

பதில்: மகளே, சரியில்லை. கொரிந்து சபையார், "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று பெருமை பேசிப் பிரிந்து நின்றதைக் கண்டித்தே பவுல் அதை எழுதினார். தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். அந்த அறிவைத் தேவனே கொடுத்தார் என்று தானியேல் 1:17 சொல்லுகிறது. ஜெபித்துவிட்டுப் படி, நன்றாகவே படி.

கேள்வி: முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எங்கள் ஐயாவுக்கு அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணி இருக்கிறது. ஐயா இறந்துவிட்டார். அண்ணா 2009இல் இல்லாமற்போனார். அண்ணி பிள்ளைகளோடு செட்டிகுளம் முகாமுக்குப் போய், பின்னர் தன் தாய்வீட்டுப் பக்கமே தங்கிவிட்டார். காணியை இத்தனை வருடமும் துப்புரவாக்கிச் செய்துவருபவன் நான். கந்தோர் விடயங்கள் தெரிந்த ஒருவர், அண்ணியின் குடும்பத்தைக் குறிப்பிடாமல் விண்ணப்பித்தால் முழுவதையும் என் பெயருக்கு மாற்றலாம் என்கிறார். இது கர்த்தர் திறந்த வாசல் என்கிறார் என் மனைவி. எனக்கோ மனம் குத்துகிறது. இது உலக ஞானமா, தேவனுடைய வழிநடத்துதலா?
(வாசகர், முல்லைத்தீவு மாவட்டம்)

பதில்: சகோதரரே, உங்கள் மனம் குத்துவது சரியான இடத்தில்தான் குத்துகிறது. அந்த விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. மீள்குடியேறியபோது பற்றை மண்டிக் கிடந்த நிலத்தை மீண்டும் வயலாக்குவது எத்தகைய பாடு என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். அந்த உழைப்புக்கு ஒரு பங்கு உண்டு. அதை வெளிப்படையாகக் கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் வழி கேட்கும் வழியல்ல, மறைக்கும் வழி.

"வாசல் திறந்திருக்கிறது" என்ற பேச்சைப் பற்றி உங்கள் மனைவியும் நீங்களும் சேர்ந்து 1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா, தாவீது ஒளிந்திருந்த குகைக்குள் தானாகவே வந்தான். கர்த்தர் சொன்ன நாள் இதுவே என்று தாவீதின் மனுஷர் சொன்னார்கள். வாய்ப்பு கையில் இருந்தது, தேவபக்தியான விளக்கமும் கூடவே வந்தது. ஆயினும் தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே மனம் அடித்துக்கொண்டவனாய் அவனைப் போகவிட்டான். ஒரு காரியம் கைகூடி வருவது, அது தேவனிடமிருந்து வருகிறது என்பதற்கு அத்தாட்சியாகாது.

பத்திரம் சரியாக இருப்பதும் அத்தாட்சியாகாது. நாபோத்தைக் கொல்லுவித்து, அவனுடைய திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்கு எடுத்துக்கொடுத்த ராணி யேசபேல், எல்லாவற்றையும் முறைப்படியே செய்தாள்: ராஜாவின் முத்திரையிட்ட நிருபங்கள், உபவாச அறிவிப்பு, நகரத்து மூப்பர் கூடிய சபை, இரண்டு சாட்சிகள். கோப்பைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரி குறை காணமாட்டார். உலக ஞானம் பெரும்பாலும் சட்டத்தை மீறிக்கொண்டு வருவதில்லை, சட்டத்தின் உடையை அணிந்துகொண்டுதான் வருகிறது. அதன் உச்சத்தை யோவான் 11ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்: ஜனங்களெல்லாரும் கெட்டுப்போகாதபடிக்கு ஒரு மனுஷன் மரிப்பது நமக்கு நலம் என்று, இயேசுவைக் குறித்துப் பிரதான ஆசாரியனாகிய காய்பா கணக்குப் பார்த்தான். இந்த உலகத்தின் பிரபுக்கள் தேவனுடைய ஞானத்தை அறிந்திருந்தால் மகிமையின் கர்த்தரைச் சிலுவையில் அறைந்திருக்கமாட்டார்கள் என்று பவுல் எழுதுவது அந்தக் கணக்கையும் சேர்த்தே. ஒருவர் போனால் மற்றவர்கள் வாழலாம் என்று எந்தக் கணக்கு சொன்னாலும், போகப்போகிறவர் யார் என்று விசுவாசி பார்க்க வேண்டும். உங்கள் கணக்கில் போகப்போகிறவர்கள் ஒரு விதவையும் தகப்பனில்லாப் பிள்ளைகளும்.

அவர்களைக் குறித்து நீதிமொழிகள் 23:10 நேராகவே பேசுகிறது: "பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே; திக்கற்ற பிள்ளைகளுடைய நிலங்களை அபகரித்துக்கொள்ளாதே." அவர்களுடைய மீட்பர் வல்லவர் என்றும், அவர்களுக்காக அவரே உன்னோடு வழக்காடுவார் என்றும் அடுத்த வசனம் எச்சரிக்கிறது. அண்ணியிடம் சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லாமலிருக்கலாம். வேதத்தின்படி அவருக்கு வழக்காட ஆள் இல்லாமலில்லை.

இன்னமும் சந்தேகம் இருந்தால் யாக்கோபு 3:17ஐ எடுத்து உங்கள் திட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள். பரத்திலிருந்து வருகிற ஞானம் முதலாவது சுத்தமுள்ளது, பின்பு சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கத்தால் நிறைந்தது, பட்சபாதமில்லாதது, மாயமற்றது. கடைசிச் சொல் ஒன்றே போதும். இந்த விண்ணப்பத்தை அண்ணியின் முன்னிலையில் வாசித்துக்காட்ட உங்களால் முடியுமா?

செய்ய வேண்டியது இதுதான். சபையின் மூப்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு அண்ணியிடம் போங்கள். காணியில் நீங்கள் இட்ட உழைப்பையும் செலவையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவருடைய பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பதையும் கேளுங்கள். பின்னர் இருவருமாகப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குச் சென்று, ஐயாவின் எல்லாப் பின்னுரித்தாளர்களையும் சொல்லி, சட்டப்படி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இணக்கம் வராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது. இவற்றை நாடுவது விசுவாசக் குறைவல்ல. சட்டம் முழுக் காணியையும் உங்களுக்கே தந்துவிட்டாலும், விளைச்சலில் ஒரு பங்கு அந்தப் பிள்ளைகளின் படிப்புக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம். உங்களுக்கு இதனால் நட்டம் வரும். வராது என்று நான் சொல்லப்போவதில்லை.

கேள்வி: ஐயா, உபவாச ஜெபத்துக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர், என் மகன் கடல் கடந்து போவான் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அடுத்த கிழமையே ஒரு முகவர் அறிமுகமானார். நகையை அடகு வைத்து, குழுக்கடனும் எடுத்தால் காசு கட்டலாம். வேண்டாம் என்று தடுக்கும் என் தம்பியை, உலக ஞானத்தில் பேசுகிறான் என்கிறார்கள். வழிகாட்டுங்கள்.
(தாய் ஒருவர், முள்ளியவளைப் பகுதி)

பதில்: அம்மா, தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ண வேண்டாம் என்று சொல்லும் பவுல், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படி உடனே அடுத்த வசனத்தில் கட்டளையிடுகிறார். ஒருவர் பேசினால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29. ஆகவே நிதானிப்பவர் தேவனுக்கு விரோதமாகப் பேசுகிறவரல்லர். சபைக்குக் கொடுக்கப்பட்ட வேலையையே உங்கள் தம்பி செய்கிறார். "கர்த்தர் சொன்னார்" என்ற வார்த்தையால் வீட்டிலுள்ளவர்களின் வாயை அடைப்பது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பயணம் சேதத்தில் முடியும் என்று பவுல் எச்சரித்தார். அவரைக் கைதியாகக் கொண்டுபோன ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியோ பவுலை நம்பாமல் மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். தேவ மனுஷனைக் கேளாமல் தொழில் தெரிந்தவர்களைக் கேட்டதே பிழை என்று இதை விளக்குவார்கள். அது பாதி உண்மைதான். உபவாச நாள் கழிந்து கடற்பயணம் ஆபத்தான காலமாயிற்று என்பதையும் அதே இடம் சொல்லுகிறது. அதற்கு முன்னரே மூன்றுதரம் கப்பற்சேதத்தில் அகப்பட்டவர் பவுல். அவர் பருவத்தை அறிந்தே பேசினார். கப்பல் எஜமானுக்கோ கோதுமை போய்ச் சேர வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் காரியத்திலும், நீங்கள் காசு கட்டினால் இலாபம் பெறுகிறவர் யார், நட்டம் வந்தால் கடனைச் சுமக்கிறவர் யார் என்று கேளுங்கள். குழுக்கடன் என்றால், நீங்கள் கட்டத் தவறும்போது உங்களுக்குப் பிணை நின்ற அயல்வீட்டுப் பெண்களின் வாசலிலும் ஆள் வந்து நிற்கும்.

அந்தத் தீர்க்கதரிசனம் உண்மையாகவே இருந்தாலும், இந்த முகவர் மூலமாக, இந்தக் கடனோடு, இந்த மாதமே போக வேண்டும் என்று அதில் சொல்லப்படவில்லை. தேவன் சொன்னது நிறைவேற ஆபிரகாமும் சாராளும் அவசரப்பட்டு, அடிமைப்பெண் ஆகார் மூலம் பிள்ளை பெற எடுத்த வழியின் துயரத்தை, அந்த ஆகாரும் அவள் மகன் இஸ்மவேலும் வனாந்தரத்தில் சுமந்தார்கள். 2022 நவம்பரில் வியட்நாமுக்கு அருகே நடுக்கடலில் மீட்கப்பட்ட 303 இலங்கையரின் செய்தியும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்று முதலில் விசாரியுங்கள். வேலை ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மகனுக்கு உண்மையாகவே போக விருப்பமா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. அவனையும் தம்பியையும் ஒன்றாக இருத்திப் பேசுங்கள். இவ்வளவும் முடியும்வரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.