பேட்மிண்டன் ஆடும்போது கவனம் சிதறாமல் இருக்க என்ன செய்யலாம்?

நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே மனம் எங்கோ போய்விடுகிறது, வரிசையாகப் பாயிண்ட் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பல வருடங்கள் இதே தொல்லைதான்.

ஓர் உள்ளூர்ப் போட்டி, கடைசி கேம், 19-14 என்று முன்னால் இருந்தேன். 'இன்னும் ரெண்டே பாயிண்ட்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த சர்வீஸ் நெட்டில் விழுந்தது. அதை நினைத்துக்கொண்டே அடுத்ததையும் விட்டேன். தொடர்ந்து ஏழு பாயிண்ட் போய் 19-21. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. ராலி நடக்கும்போது, அதாவது ஷட்டில் இரு பக்கமும் மாறி மாறிப் போய்வரும்போது, மனம் அலைவதில்லை, அதற்கு நேரம் ஏது? ஷட்டில் கீழே விழுந்ததிலிருந்து அடுத்த சர்வீஸ் வரைக்கும் உள்ள சில நொடிகளில்தான் எல்லாம் கெடுகிறது. அந்த நொடிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஷட்டில் கைக்கு வந்ததும் அதன் 16 இறகுகளில் எது பிரிந்திருக்கிறது என்று பார்த்து, விரலால் நீவிச் சேர்ப்பேன். மூச்சை மெல்ல விடுவேன். சர்வீஸைக் குட்டையாகப் போடுவதா, உயரமாகப் போடுவதா என்பதை மட்டும் முடிவு செய்வேன். எதிராளியின் சர்வீஸ் என்றால் ராக்கெட்டில் விலகிய நரம்புகளை நேராக்குவேன். இரண்டு மூச்சு நேரம் போதும், ரொம்ப இழுத்தால் நடுவர் கூப்பிட்டுச் சொல்வார்.

11 பாயிண்டில் கிடைக்கும் 60 நொடி இடைவேளையில் நிறைய யோசிக்காதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு, மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் 2017 கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியை முழுசாகப் பாருங்கள். பி.வி. சிந்துவும் ஜப்பானின் ஒகுஹாராவும் 110 நிமிடம் ஆடினார்கள். இரண்டாவது கேமின் கடைசி ராலி மட்டும் 73 ஷாட்! அதை ஜெயித்த சிந்து மூன்றாவது கேமை 20-22 என்று இழந்தார். 2019இல் பாசெலில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அதே ஒகுஹாராவை இறுதிப் போட்டியில் 21-7, 21-7 என்று வீழ்த்தினார். எனக்கு அந்த 2019 ஆட்டத்தைவிட கிளாஸ்கோ ஆட்டம்தான் பெரிது. ராலிகளை ரசித்த பிறகு இன்னொரு முறை போட்டு, ராலிகளுக்கு நடுவில் இருவரும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

பயிற்சியில் வாரம் ஒரு நாள் 19-19 என்று வைத்துக்கொண்டே கேமைத் தொடங்குங்கள். முதல் நாள் எனக்குச் சர்வீஸ் போடும் கை நடுங்கியது. நாலைந்து வாரத்தில் அந்த நடுக்கம் நின்றுவிட்டது.