சீட்டு இல்லாமல் கப்பல் விடாதே: பறங்கியர் கால கேள்வி பதில்

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததிலிருந்து டச்சுக்காரர் காலூன்றியது வரையிலான கடல் வணிகத்தைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பறங்கியர் என்று நான் சொல்வது போர்ச்சுகீசியரை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மதுரை, கல்லூரி மாணவர்: ஐயா, போர்ச்சுகல் தமிழ்நாட்டைவிடச் சின்ன நாடு. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து இந்தியப் பெருங்கடலையே எப்படிப் பிடித்தார்கள்?

கடலைப் பிடிக்கவில்லை தம்பி, கடலின் வாசல்களைப் பிடித்தார்கள். அவர்களுடைய ஆளுநர் அல்புகர்க் 1510இல் கோவா, 1511இல் மலாய்க் கரையின் மலாக்கா, 1515இல் பாரசீக வளைகுடா வாயிலிலுள்ள ஹோர்முஸ் என்று வரிசையாக மடக்கினார். நம் பக்கத்துக் கப்பல்களில் பல, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியவை. சரக்கு ஏற்ற அருமையானவை, ஆனால் கனத்த பீரங்கியை வைத்துச் சுட்டால் தாங்காது. பறங்கியர் கப்பல்கள் அந்த அதிர்ச்சியைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. 1509இல் குஜராத் கரையிலுள்ள தியூவில் எகிப்து, குஜராத், கோழிக்கோடு மூன்றும் சேர்ந்து நின்றும் தோற்றதற்கு இது முக்கியக் காரணம்.

ஒரே ஒரு வாசல் மட்டும் கைக்கு வரவில்லை. அது செங்கடலின் முகப்பிலுள்ள ஏடன். 1513இல் அல்புகர்க்கின் வீரர்கள் மதிலேறப் போட்ட ஏணிகள், முண்டியடித்து ஏறிய ஆட்களின் பாரம் தாங்காமல் முறிந்தன. திரும்பிவிட்டார்கள். பின்னால் இது அவர்களுக்குப் பெரிய ஓட்டையாகப் போயிற்று.

தூத்துக்குடி வாசகர்: ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு என்று படித்தேன். அதில் என்னதான் எழுதியிருக்கும்?

கப்பலின் அளவு, நாகுதா (கப்பல் தலைவர்) யார், என்ன ஆயுதம் இருக்கிறது, எங்கே கிளம்பி எங்கே போகிறது என்பதெல்லாம் இருக்கும். மிளகு ஏற்றக் கூடாது, போர்த் தளவாடம் ஏற்றக் கூடாது, துருக்கியரை ஏற்றக் கூடாது என்ற தடைகளும் உண்டு. சீட்டு இல்லாத கப்பல் கையில் சிக்கினால் சரக்கோடு பறிமுதல்.

சீட்டுக்கு வாங்கிய கட்டணம் சொற்பம்தான். காசு வேறிடத்தில் இருந்தது. போகிற வழியில் கோவா, தியூ, ஹோர்முஸ் போன்ற அவர்களுடைய துறைமுகத்தில் நின்று சுங்கம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கடைத்தெருவில் மாமூல் வாங்குகிற ரவுடி ‘உன் கடைக்கு நான் காவல்’ என்று சொல்வானே, அந்தக் கணக்குதான். யாரிடமிருந்து காவல் என்று கேட்டால் அவனிடமிருந்தேதான்.

சென்னை, ஆசிரியை: முகலாயர் அவ்வளவு பெரிய சாம்ராஜ்யம். அவர்களுமா இந்தச் சீட்டை வாங்கினார்கள்?

வாங்கினார்கள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. அக்பரின் அத்தை குல்பதன் பேகம் 1575இல் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். பேரரசரின் அத்தை சூரத்தில் சீட்டுக்காக ஏறக்குறைய ஒரு வருடம் காத்துக் கிடந்தார். பறங்கியர் கையிலிருந்த தாமன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தை அந்தப் பறங்கியருக்கு விட்டுக்கொடுத்த பிறகுதான் வழி பிறந்தது. அந்தச் சீட்டுகளில் மேரி, இயேசு படங்கள் வேறு இருக்கும். உருவம் பொறித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு மக்காவுக்குப் போவதா என்று அக்பர் அவையின் மார்க்க அறிஞர் ஒருவர், இந்த நிலையில் ஹஜ் கடமையே இல்லை என்று தீர்ப்பே சொன்னார்.

சீட்டு வாங்கினால் மட்டும் நிம்மதியா? 1613இல் ஜஹாங்கீரின் தாயாருக்குச் சொந்தமான ‘ரஹீமி’ கப்பலைச் சீட்டு இருந்தும் பிடித்துக் கோவாவுக்கு இழுத்துப் போனார்கள். ஆங்கிலேயருக்குச் சூரத்தில் இடம் கொடுத்த கோபம். ஜஹாங்கீர் தாமனை முற்றுகையிடச் சொன்னார், ஆக்ராவில் பாதிரிமாரின் தேவாலயத்தை மூட வைத்தார். பேரரசின் வருமானத்தில் பெரும்பகுதி நிலத்திலிருந்து வந்தது, அதனால் கடற்படைக்குச் செலவழிக்க அவர்களுக்கு மனமில்லை. கடலில் வாங்கிய அடிக்குக் கரையில் பதில் கொடுத்தார்கள்.

கோவை வாசகர்: அப்படியானால் மிளகு வணிகம் முழுக்க அவர்கள் கைக்குப் போய்விட்டதா?

இல்லவே இல்லை. சுமத்ராவின் அச்சேயிலிருந்து மாலத்தீவு வழியாக நேராகச் செங்கடலுக்குக் கப்பல்கள் போயின. 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அலெக்சாண்டிரியா வழியாக வெனிசுக்கு மிளகு பழையபடி போய்ச் சேர்ந்தது. போதாததற்கு, பறங்கி அதிகாரிகளே சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தார்கள். சம்பளம் ஒழுங்காக வராத கோட்டைத் தலைவன் அரசருடைய தடையை எவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காப்பான்?

இராமநாதபுரம் வாசகர்: நம் கரையில் என்ன நடந்தது?

மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் 1538இல் மரைக்காயர்களின் கப்பல் படையைப் பறங்கியர் முறியடித்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், போட்டியாளர்களின் தொல்லையிலிருந்து பாதுகாப்பு கேட்டுப் போய் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து முத்துக்குளிப்பின் பிடி பறங்கியர் கைக்குப் போனது. சோழமண்டலக் கரையின் மற்ற இடங்களில் அவ்வளவு கெடுபிடி இல்லை. நாகப்பட்டினத்திலும் சாந்தோமிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் கோவாவின் பேச்சுக்குக் கட்டுப்படாத தனி வியாபாரிகள்.

திருச்சி வாசகர்: பறங்கியர் வரும்வரை கடலில் எல்லாரும் சுதந்திரமாகத்தானே போனார்கள்?

அந்தப் பொற்காலக் கதையை நான் அப்படியே ஏற்கமாட்டேன். கொள்ளையர் இருந்தார்கள், துறைமுக வரி இருந்தது. நம் ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தது சுற்றுலாவுக்கு அல்ல. ஆனால் நடுக்கடலில் போகிற வணிகனை மடக்கி ‘என்னிடம் சீட்டு வாங்கினாயா?’ என்று ஒரு கடல் முழுக்கக் கேட்டது புதுசு.

புதுச்சேரி வாசகர்: டச்சுக்காரர்கள் இவர்களைவிட நல்லவர்களா?

கெட்டிக்காரர்கள். 1602இல் தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியதுமே, இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மசாலாத் தீவுகளில் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணிதான் நன்றாக விலைபோகும் என்று புரிந்துகொண்டார்கள். பழவேற்காட்டில் கோட்டை கட்டியது அதற்காகத்தான். இங்கே துணி வாங்கி, அங்கே கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். வழியில் மறிப்பதைவிட விளைகிற இடத்தையே பிடிப்பது மேல் என்று 1621இல் அந்தப் பக்கத்துப் பாண்டா தீவுகளில் கம்பெனியின் தலைமை ஆளுநர் கூன் படையோடு இறங்கினார். அன்று ஜாதிக்காய் விளைந்தது அந்தத் தீவுகளில் மட்டும்தான். அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் பட்டினி போட்டும் அடிமைகளாக ஏற்றியும் தீவுகளைக் காலி செய்தார்கள். பிறகு தோட்டங்களைத் தங்கள் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள். அந்தச் சீட்டு முறையையும் அவர்கள் விடவில்லை. பேரை மாற்றித் தாங்களே கொடுத்தார்கள்.