அறுபது பேரும் மௌனம்: ஆன்லைன் வகுப்பை எந்த விளையாட்டோடு தொடங்கலாம்?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதலாமாண்டு பி.காம். மாணவர்கள் 60 பேருக்கு பிரிட்ஜ் கோர்ஸை (பள்ளிப் படிப்பிலிருந்து கல்லூரிப் பாடத்துக்குத் தயார்படுத்தும் தொடக்க வகுப்பு) கூகுள் மீட்டில் எடுக்கிறேன். எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னால் பெயர், ஊர், பள்ளி என்று ஒப்பிப்பதிலேயே 50 நிமிடமும் போய்விடுகிறது. ஏதாவது விளையாட்டு வைத்துத் தொடங்கு என்கிறார்கள் சக ஆசிரியர்கள். 'இது என்ன எல்கேஜியா?' என்று பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று தயக்கம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. பாடத்தோடு ஒட்டாத விளையாட்டை வைத்தால் நிச்சயம் சிரிப்பார்கள்.

முதலில் அந்த அறிமுகப் படலத்தை விட்டுவிடுங்கள். ஒருவர் பேசும்போது மற்ற 59 பேருக்கும் வேலையில்லை. தன் முறை வரும்வரை பயம், வந்துபோனதும் இன்ஸ்டாகிராம். தொடக்க விளையாட்டு எதுவானாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முதல் ஐந்து நிமிடத்துக்குள் அத்தனை பேரும் ஏதாவது ஒன்றைச் செய்திருக்க வேண்டும். ஒரு சொல், ஓர் எண் போதும். முதல் நாளே சாட்டில் எழுதிவிட்டவர் மறுநாளும் எழுதுவார். சும்மா இருந்தே பழகியவரை மூன்றாவது வாரத்தில் பேசவைப்பது பெரும்பாடு.

உங்கள் பாடத்துக்கென்றே ஒன்று சொல்கிறேன். "உங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் இன்று தக்காளி கிலோ என்ன விலை? தெரியாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள், ஒரு நிமிடம் தருகிறேன்" என்று தொடங்குங்கள். ஊரையும் விலையையும் மட்டும் சாட்டில் டைப் செய்து வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் மூன்று எண்ணும்வரை யாரும் அனுப்பக் கூடாது. விளையாட்டே இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. உடனே அனுப்பவிட்டால் முதலில் வந்த விலையைப் பார்த்து மற்றவர்களும் அதையே அடித்துவிடுவார்கள். மூன்று என்றதும் அறுபது விலைகள் மளமளவென்று வந்து விழும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை ஒட்டி இருப்பவர் சொல்லும் விலையும் கொடைக்கானலில் இருப்பவர் சொல்லும் விலையும் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. ஏன் என்று கேளுங்கள். லாரி வாடகை, கமிஷன், அழுகிப்போவது, கடை வாடகை என்று அவர்களே அடுக்குவார்கள். தேவை, அளிப்பு பாடத்துக்குள் நுழைந்தாயிற்று. எல்கேஜி என்று யாரும் சொல்லப்போவதில்லை.

தமிழில் அடிக்கலாம், தங்கிலீஷும் பரவாயில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகள் வாயைத் திறக்காததற்கு ஆங்கிலப் பயம்தான் முக்கியக் காரணம்.

'இரண்டு உண்மை, ஒரு பொய்' விளையாட்டைப் பலரும் பரிந்துரைப்பார்கள். தன்னைப் பற்றி ஆளுக்கு மூன்று வாக்கியம் என்றால் 60 பேர் வகுப்பில் அது நடக்காது. பாடத்தை வைத்து நீங்களே ஆடுங்கள். ஒன்று: ரிசர்வ் வங்கி 1935இல் செயல்படத் தொடங்கியது. இரண்டு: ஒரு ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்கும். மூன்று: ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. பொய் எது என்று எண்ணை மட்டும் அனுப்பட்டும். ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு, கையெழுத்திடுபவர் நிதித் துறைச் செயலாளர் என்பதால் இரண்டாவதுதான் பொய். பலர் இதில் ஏமாறுவார்கள், அதுதான் ருசி. மீட்டில் வாக்கெடுப்பு (poll) வைக்கும் வசதி கட்டணப் பதிப்புகளில்தான் உண்டு. கல்லூரிக்கு இலவசமாகக் கிடைக்கும் கணக்கில் இருக்காது. அதை நம்பித் திட்டமிட வேண்டாம், சாட்டே போதும்.

வீட்டில் உள்ள ஒரு பொருளைக் காட்டு, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது, லீவுக்கு எங்கே போனாய் என்ற வகை விளையாட்டுகள் வேண்டவே வேண்டாம். ஒற்றை அறை வீட்டிலிருந்து வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அது தண்டனை. கேமராவைப் போடச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள். டேட்டா செலவு ஒருபுறம் இருக்க, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021இல் வீடியோ சந்திப்புகள் தரும் சோர்வுக்குச் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று, ஓயாமல் தன் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டிருப்பது.

சிறு குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் அறைகளும் மீட்டின் கட்டணப் பதிப்புகளில்தான் உண்டு; உங்கள் கணக்கில் இருந்தாலும் முதல் வாரம் தொடாதீர்கள். நீங்கள் ஒரு நேரத்தில் ஓர் அறையில்தான் இருக்க முடியும். மற்ற அறைகளில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. முகம் தெரியாத பையன்கள் மூவரோடு ஒரு மாணவியைத் தனியாக விட்டால் அவர் இணைப்பைத் துண்டித்துக்கொள்வார்; வீட்டில் ஆட்சேபம் வந்தாலும் வரலாம். பிறகு பிரிக்கும்போது நான்கு பேர், ஐந்து நிமிடம், திரும்பி வந்து சொல்ல ஒரே ஒரு விடை என்று வையுங்கள். "கலந்து பேசுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் மௌனம்தான் நான்கு நான்காகப் பிரியும்.

தாமதமாக நுழைபவர்களுக்கு சாட்டில் முன்பு வந்த செய்திகள் பெரும்பாலும் தெரியாது, அதனால் கேள்வியை இரண்டு மூன்று முறை வாயால் சொல்லுங்கள். வகுப்பு முடியுமுன் சாட்டைக் காப்பி செய்து வருகைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். உள்ளே இருந்தும் ஒன்றுமே அனுப்பாத நாலைந்து பேர் தெரிவார்கள். வகுப்பில் பெயர் சொல்லி ஏன் என்று கேட்காமல் தனியே போனில் விசாரியுங்கள். அண்ணனின் போனில் வந்திருப்பார், சிக்னல் இல்லாமல் குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டிருக்கும். அப்படிப்பட்டவர்கள் இருந்தால், மறுநாள் கேள்வியை முந்தைய இரவே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். விடையை உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும், நீங்கள் மற்றவற்றோடு சேர்த்து வகுப்பில் வாசித்துவிடலாம்.