நர்சிங்ல இருந்து சேஃப்டி வேலைக்கு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

12 வருஷம் வார்டு, ஐசியூ. அப்புறம் ஒரு ஃபேக்டரி மெடிக்கல் சென்டர், இப்ப 7 வருஷமா சேஃப்டி டிபார்ட்மென்ட். இந்த மாற்றம் பத்தி நிறைய பேர் கேக்கறதால ஒரே இடத்துல பதில் சொல்லிடறேன்.

அக்கா, ஐசியூல 6 வருஷம் இருந்தேன். இந்த அனுபவம் சேஃப்டில உதவுமா, இல்ல பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணுமா?

உதவும்மா, ஆனா பார்வை மாறணும். ஊசி குத்தின நர்ஸ் வந்தா நாம ரத்தம் எடுப்போம், மருந்து ஆரம்பிப்போம், அதோட நம்ம வேலை முடிஞ்சுது. சேஃப்டில வேலை அங்கதான் ஆரம்பிக்குது, யூஸ் பண்ண ஊசியைப் போடற ஷார்ப்ஸ் டப்பா எங்க இருந்துச்சு, நிரம்பி வழிஞ்சுதா, ரெண்டு பெட் தாண்டி வச்சதால மூடியைத் திரும்ப மாட்டப் போய் குத்திக்கிட்டாங்களா, அந்த ஊசிக்குப் பதிலா தானா மூடிக்கற ஊசி வாங்க முடியுமான்னு பின்னாடி பின்னாடி போகணும். ஆபத்தை முழுசா நீக்கு, முடியலைன்னா வேற பொருளுக்கு மாத்து, அதுவும் முடியலைன்னா தடுப்பு வை, அப்புறம் வேலை முறையை மாத்து, க்ளவுஸும் மாஸ்க்கும் கடைசி. இந்த வரிசை மனசுல ஊறணும். 1700லயே ராமஸ்ஸினின்னு ஒரு இத்தாலிய டாக்டர், நோயாளிகிட்ட என்ன வேலை பாக்கறேன்னும் சேர்த்துக் கேளுங்கன்னு எழுதி வச்சார், நமக்கு அதுதான் முதல் கேள்வி.

எந்த கோர்ஸ் படிக்கலாம்?

முதல்ல நீங்க வேலை பாக்கப் போற நாட்டுல சேஃப்டி ஆபீசர் போஸ்ட்டுக்குச் சட்டம் என்ன தகுதி கேக்குதுன்னு பாருங்க. பல நாட்டுல நெபோஷ்ங்கற பிரிட்டிஷ் சேஃப்டி தேர்வு அமைப்போட இன்டர்நேஷனல் ஜெனரல் சர்ட்டிபிகேட்டை மதிக்கறாங்க, ஆனா சட்டம் கேக்கற தகுதிக்கு அது ஈடுன்னு நினைச்சுக்காதீங்க. அதுல ஒரு வேலையிடத்தை எடுத்து ரிஸ்க் அசெஸ்மென்ட் (என்ன ஆபத்து, யாருக்கு, எப்படித் தடுக்கறதுன்னு) எழுதற பகுதி இருக்கு, உங்க வார்டையே எடுத்து எழுதுங்க, நோயாளியைத் தூக்கறது, கெமிக்கல், வன்முறை, நைட் ஷிப்ட்னு எல்லாம் அங்கயே இருக்கு. ஒண்ணு மட்டும், நர்சிங் ரெஜிஸ்ட்ரேஷனை காலாவதி ஆக விட்டுடாதீங்க.

நெபோஷா, ஐஓஎஸ்எச்-ஆ?

ஐஓஎஸ்எச்ங்கறது சேஃப்டி ஆளுங்களோட பிரிட்டிஷ் சங்கம், அவங்களோட மேனேஜிங் சேஃப்லி மேனேஜர்களுக்கான சின்ன கோர்ஸ். மீதிக்கு மேல இருக்கற பதில்.

நான் சேஃப்டி இன்ஜினியர். தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நர்ஸ்களுக்கு மெஷின் தெரியாது. ஃபர்ஸ்ட் எய்ட் ரூமைப் பாத்துக்கட்டும், ஃப்ளோர் எங்களோடது.

சார், இதுக்கு ஒரு வரில பதில் சொல்ல மனசு வரலை. ஒரு இடத்துல வருஷாந்திர காது டெஸ்ட் பண்றப்போ ஒரே செக்‌ஷன் ஆளுங்க 5 பேருக்கு ரிசல்ட் கிராஃப்ல 4000 ஹெர்ட்ஸ் கிட்ட கோடு பள்ளமா இறங்கியிருந்துச்சு. அது சத்தத்தால வர்ற பாதிப்போட அடையாளம். ரிப்போர்ட்டைத் தனித்தனியா ஃபைல்ல போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. போய் நின்னேன், எல்லாருக்கும் காதை மூடற மஃப் கழுத்துல தொங்குது. திட்டாம ஏன்னு கேட்டேன், "போட்டா பின்னாடி ஃபோர்க்லிஃப்ட் வர்றது கேக்கலைம்மா"ன்னாங்க. உயிரா காதான்னு பாத்து உயிரைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. சத்தம் எங்க இருந்துன்னு பாத்தா, தூசி ஊதற காத்து கன், மீட்டர்ல 97 டெசிபல். நியோஷ்ங்கற அமெரிக்க அரசோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்குல 85 டெசிபல்னா 8 மணி நேரம், ஒவ்வொரு 3 கூடும்போதும் நேரம் பாதி, அப்போ 97க்கு அரை மணி நேரம்தான். இவங்க நாள் பூரா ஊதறாங்க. நாசிலை மாத்தி, ஃபோர்க்லிஃப்ட் வழியைப் பிரிச்சதும் நிலைமை மாறுச்சு. நாசிலை மாத்தினது இன்ஜினியர்தான், ஆனா கண்டுபிடிச்சது காது டெஸ்ட்.

அது ஒரு கேஸ் மேடம். பிரஷர் வெசல் (அழுத்தத்துல இருக்கற கலன்), கன்ஃபைன்ட் ஸ்பேஸ் (டேங்க் மாதிரி அடைஞ்ச இடம்)னு வந்தா என்ன பண்ணுவீங்க?

அங்க நீங்க சொல்றதை ஒத்துக்கறேன். தெரியாம பெர்மிட்ல (ஆபத்தான வேலைக்கு எழுத்துல குடுக்கற அனுமதி) கையெழுத்து போடற நர்ஸ் ஆபத்தானவங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான் மெயின்டனன்ஸ் ஆளுங்களோட 3 மாசம் சுத்திக் கத்துக்கிட்டேன், மாற வர்றவங்களும் அதைப் பண்ணணும். ஆனா டேங்க்ல மயங்கினவரைக் காப்பாத்த குதிச்சு செத்தவங்க எத்தனை பேர். ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற விஷவாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) பக்கம் போனா மூக்கு வாசனையே பிடிக்காம போயிடும், வாசனை இல்லைன்னு நம்பி இறங்கறாங்க. அது உடம்பு பத்தின அறிவு சார். ரெண்டு பேரும் ஒரே பெர்மிட்டைப் பாக்கணும், அவ்வளவுதான் கேக்கறேன்.

மேனேஜர் தொழிலாளியோட மெடிக்கல் ரிப்போர்ட் கேட்டா குடுக்கலாமா?

கூடாது. வேலைக்குத் தகுதி, தகுதி இல்ல, இல்ல இன்னின்ன கட்டுப்பாட்டோட தகுதி, இவ்வளவுதான் வெளிய போகணும். சுகர், மனநலம், கர்ப்பம் எதுவும் எச்ஆர் மேஜைக்குப் போகக்கூடாது. ஒரு தடவை போச்சுன்னா அப்புறம் எவனும் உங்ககிட்ட வலின்னு சொல்ல மாட்டான். அந்த இன்ஜினியர் சாருக்கும் ஃபைலைக் காட்ட மாட்டேன், அஞ்சு பேருக்கு இந்தப் பாதிப்புன்னு பேர் இல்லாமதான் சொல்லுவேன்.

சம்பளம் எவ்வளவு?

நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை மாறும், இங்க ஒரு நம்பர் சொன்னா தப்பாயிடும்.

அக்கா எந்த கோர்ஸ் படிக்கட்டும்?

மேல ரெண்டு தடவை சொல்லியாச்சு, தயவுசெஞ்சு படிங்க. ரெஜிஸ்ட்ரேஷனையும் ரினியூ பண்ணுங்க.

இன்டர்வியூல என்ன கேப்பாங்க?

ஒருத்தர் கை மெஷின்ல மாட்டி ரத்தம் கொட்டுது, என்ன பண்ணுவீங்கன்னு கேப்பாங்க. நம்ம வாய் தானா "காயத்தை அழுத்திப் பிடிப்பேன்"னு சொல்லும். முதல்ல மெஷினை நிறுத்தி பவரைத் துண்டிக்கணும், அப்புறம் காயம். அவரை ஆம்புலன்ஸ்ல ஏத்தினதும் அந்த மெஷினை லாக் போட்டு, அடுத்த ஷிப்ட் ஆள் அதே இடத்துல நிக்காம பாத்துக்கணும். இந்தக் கடைசி பகுதியை என் முதல் இன்டர்வியூல விட்டுட்டேன், அந்த வேலை கிடைக்கலை.